பக்கிங்ஹாம் கால்வாயும் பாப்பாவின் வி.பி.எஸ்ஸும்

மே மாதத்து மல்காஜ்கிரி வெயில் எப்படி இருக்கும் என்று செகந்திராபாத் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கும் சுவரைத் தொட்டால் சுடும். ஒரு நாள் ஆபீஸ் விட்டு வந்து செருப்பைக் கழற்றினால் கூடம் முழுக்க ஐஸ் குச்சி, பெவிகால், கலர் பேப்பர். நடுவில் உட்கார்ந்து என் மகள் கையை ஆட்டி ஆட்டித் தெலுங்கில் பாடிக்கொண்டிருந்தாள். வி.பி.எஸ் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

எங்கள் தமிழ் சி.எஸ்.ஐ சபைக்குப் போக வேண்டுமென்றால் இந்த டிராஃபிக்கில் ஒரு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை பரவாயில்லை. பத்து நாள் காலையில் கொண்டுபோய் விட்டு, மத்தியானம் கூட்டிவர முடியுமா? ரெண்டு தெரு தள்ளி தெலுங்கு பாப்டிஸ்ட் சபை ஒன்று இருக்கிறது. எதிர்வீட்டு அக்கா அங்கே சண்டே ஸ்கூல் டீச்சர். "அனுப்புங்க தம்பி, நான் பார்த்துக்கிறேன்" என்றார். மூன்று வருஷமாக அனுப்புகிறோம். பெண்ணுக்குத் தெலுங்கு சரளமாக வந்ததற்கு ஸ்கூலைவிட அந்தச் சபைதான் காரணம்.

இந்த வருஷம் பதினோரு வயசு. கடைசி ஞாயிறு அன்று வி.பி.எஸ் பிள்ளைகளின் நிகழ்ச்சி, அதே ஆராதனையில் நாலு பேருக்கு முழுக்கு ஞானஸ்நானமும் இருந்தது. மேடைக்குப் பின்னால் இருக்கும் தொட்டியில் பாஸ்டர் காரு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு ஒவ்வொருவராக முக்கி எடுத்ததைப் பிள்ளைகள் எல்லாம் முன்வரிசையில் இருந்து பார்த்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது கேட்டாள்.

"அப்பா, எனக்குக் குழந்தையில எடுத்தது செல்லாதாமே? நெத்தியில மட்டும்தான தண்ணி ஊத்தினாங்க?"

யார் சொன்னது என்று கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன். பாஸ்டரோ அக்காவோ சொல்லவில்லை, அவர்கள் அப்படிச் சொல்கிறவர்களும் இல்லை. ஆனால் கேள்வி வந்துவிட்டது. என் மனைவி என்னைப் பார்த்தார். நான் ரசத்தைப் பார்த்தேன்.

சரி, பதில் சொல்வதற்கு முன் கொஞ்சம் படிக்கலாமே என்று உட்கார்ந்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை. கேள்விக்கு நேராகப் பதில் கிடைத்ததா என்றால் இல்லை. வேறொரு பக்கம் போய் நின்றேன்.

முதலில் வி.பி.எஸ் கதை. கோடை விடுமுறையில் பிள்ளைகளைத் திரட்டி பைபிள் கதையும் கைவேலையும் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? 1894ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஹோப்டேல் என்ற சின்ன ஊரில் மைல்ஸ் என்ற டீச்சரம்மா, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போதவில்லை என்று கோடையில் நாலு வாரம் தினசரிப் பள்ளி நடத்தியிருக்கிறார். நாற்பது பிள்ளைகள். பாடம் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில், விளையாட்டு பக்கத்துப் பூங்காவில்.

அடுத்ததுதான் எனக்குப் பிடித்தது. 1898 ஜூலை. நியூயார்க் நகரத்தின் கிழக்குப் பகுதி. பிழைக்க வந்த குடும்பங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்த வாடகைக் குடியிருப்புகள். அப்பா அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட, ஸ்கூல் இல்லாத கோடை நாளில் பிள்ளைகள் நாள் முழுக்கத் தெருவில். எபிஃபனி பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்த ஹாஸ் அம்மையார் இதைப் பார்த்து ஒரு கோடைப்பள்ளி ஆரம்பிக்க இடம் தேடினார். (புத்தகங்களில் பெரும்பாலும் 'மிஸஸ் வாக்கர் ஏலெட் ஹாஸ்' என்று கணவர் பெயரில்தான் வருகிறார். அந்தக் காலத்து மரியாதை அப்படி!) கிடைத்த இடம் ஒரு பீர் கடை. ஆமாம், சாராயக்கடை மாதிரி. அதை வாடகைக்கு எடுத்து அங்கேதான் பாட்டு, கதை, வசனம் மனப்பாடம், விளையாட்டு, கைவேலை, படம் வரைதல், சமையல்கூட. பிற்பாடு சபைக் கட்டடத்துக்கே மாற்றிப் பார்த்தார்கள், பிள்ளைகள் வரவில்லை, அம்மையார் மறுபடியும் பீர் கடைக்கே போய்விட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். அழுக்குச் சட்டையோடு பளபளக்கும் கோயிலுக்குள் நுழையக் கூச்சமாக இருந்திருக்கலாம், எனக்கு அது நன்றாகவே புரிகிறது.

1901ல் அம்மையார் ஓய்வு பெறும்போது ஏழு பள்ளிகள். அதைப் பார்த்த ராபர்ட் போவில் என்பவர், நியூயார்க் பாப்டிஸ்ட் மிஷன் சங்கத்தில் இருந்தவர், ஒரு கணக்குப் போட்டார். கோடையில் பிள்ளைகள் சும்மா இருக்கிறார்கள், கோயில் கட்டடங்கள் சும்மா கிடக்கின்றன, கல்லூரி மாணவர்களும் சும்மா இருக்கிறார்கள். மூன்றையும் சேர்த்தால் என்ன? இதுதான் அந்த இயக்கத்தின் மூலதனம். 1922ல் உலக அளவிலான சங்கமே வைத்துவிட்டார். இன்று தேரிக்காட்டில் இருந்து திமாப்பூர் வரை ஏப்ரல், மே வந்தால் மைக் செட் கட்டுகிறார்கள் என்றால் அதன் ஒரு வேர் அந்த பீர் கடையில் இருக்கிறது. நம்ம ஊரில் சபைப் பெரியவர்களிடம் இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது.

எங்கள் ஊரில், திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு தேரிக்காட்டு ஓரம், எண்பதுகளில் நாங்கள் போன வி.பி.எஸ்ஸில் பெவிகால் கிடையாது. சோற்றுப் பருக்கைதான் பசை. கைவேலை என்றால் பனையோலைக் கிலுக்கு. இடைவேளையில் யாராவது ஒருவர் வீட்டில் இருந்து பதநீர் வரும், சீசன் அதுதானே. கடைசி நாள் பவனி. பதாகை பிடித்துக்கொண்டு கோஷம் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றி வருவோம். வசனப் போட்டியில் எனக்கு ஒரு சோப்பு டப்பா கிடைத்தது. ஹாஸ்டல், சென்னை மேன்ஷன், இங்கே முதல் வாடகை வீடு என்று அது கூடவே வந்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த பாப்டிஸ்ட்காரர்கள் தெலுங்கு நாட்டுக்கு எப்படி வந்தார்கள்? நாங்கள் ஏன் ஆங்கிலிக்கன் வழி சி.எஸ்.ஐயாகவும், எதிர்வீட்டு அக்கா ஏன் பாப்டிஸ்ட்டாகவும் இருக்கிறோம்?

சார்மினார் எக்ஸ்பிரஸில் சென்னை போகிற நம் எல்லாருக்கும் ஒங்கோல் என்றால் தூக்கத்தில் காதில் விழும் ஒரு பெயர். "சாய், சாய்" என்று ஒரு குரல், அவ்வளவுதான். நானும் நூறு தடவையாவது அப்படிக் கடந்திருப்பேன். அந்த ஊரில்தான் இந்தக் கதை.

அமெரிக்க பாப்டிஸ்ட்காரர்களின் முதல் ஆள் சாமுவேல் டே. 1836ல் இந்தியா வந்தார். விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் என்று சுற்றி, 1837ல் நம் சென்னைக்கு வந்து மூன்று வருஷம் இருந்து, 1840ல் நெல்லூரில் போய் உட்கார்ந்தார். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. வருஷத்துக்கு ஒருவர், இருவர். அமெரிக்காவில் தலைமைச் சங்கத்தார் 'இதை மூடிவிடலாமா' என்று திரும்பத் திரும்பப் பேசினார்கள். 1853ல் அப்படி ஒரு கூட்டத்தில் வரைபடத்தில் நெல்லூர் ஒற்றை நட்சத்திரமாக இருப்பதை ஒருவர் சுட்டிக்காட்ட, அமெரிக்காவின் தேசபக்திப் பாடல் ஒன்றை எழுதிய சாமுவேல் பிரான்சிஸ் ஸ்மித் அன்றைக்கு ராத்திரியே அந்த ஒற்றை நட்சத்திரத்தைப் பற்றிக் கவிதை எழுதிவிட்டார். மிஷன் தப்பித்தது. 'லோன் ஸ்டார் மிஷன்' என்றே பெயர் நிலைத்தது. ஒரு கவிதையால் ஒரு பிராஞ்ச் மூடப்படாமல் தப்பித்தது என்று எங்கள் ஆபீஸில் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

1866ல் ஒங்கோலுக்கு வந்தவர் ஜான் கிளஃப். மதகுரு குடும்பத்துப் பிள்ளை இல்லை. விவசாயப் பின்னணி, இளவயதில் நில அளவைக் குழுவில் சங்கிலி பிடித்து வேலை செய்தவர். இந்த விவரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அதே வருஷம் யெர்ரகுண்ட்ல பெரய்யா என்பவர் ஞானஸ்நானம் பெற்றார். மாதிக சமூகம். தோல் பதனிடுவதும் செருப்புத் தைப்பதும் அவர்கள் தொழில். ஊருக்கு வெளியே குடியிருப்பு, ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது, ஊர்த் திருவிழாவில் பறை அடித்தாக வேண்டும். பெரய்யா ஏற்கெனவே குருவிடம் யோகம் பயின்று, தன் மக்களுக்குள் ஒரு குருவாகவே மதிக்கப்பட்டவர். தோல் வியாபாரத்துக்காகப் பல ஊர் சுற்றியவர். அவர் பேசினால் சொந்தம் பந்தம் கேட்டது. ஒங்கோல் சபை 1867 ஜனவரி 1 அன்று எட்டுப் பேரோடு ஆரம்பமானதற்கும், பிறகு கிராமம் கிராமமாகப் பரவியதற்கும், வெள்ளைக்காரத் துரையைவிட இவர் காரணம் என்பது என் எண்ணம். துரைகள் புத்தகம் எழுதினார்கள், பெரய்யா நடந்தார்.

உடனே சிக்கல் வந்தது. மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மேல்சாதிப் பையன்கள், இவர்களைச் சேர்த்தால் நாங்கள் வெளியேறிவிடுவோம் என்றார்கள். கிளஃப் தடுமாறியிருக்கிறார். அவரும் மனைவியும் வெவ்வேறு அறையில் தற்செயலாக பைபிளைத் திறக்க, இரண்டு பேருக்கும் ஒரே பகுதி வந்தது என்றும், அது எளியவர்களைத் தெரிந்துகொள்வதைப் பற்றிய பவுலின் நிருபப் பகுதி என்றும் அவர் தரப்பில் சொல்லப்படுகிறது. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். நடந்தது என்னவென்றால் மாதிகர்களைச் சேர்த்தார்கள், பள்ளி காலியானது. சேர்ந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர மாட்டோம், செத்த மாடு தின்ன மாட்டோம், பறை அடிக்க மாட்டோம் என்று சொல்ல ஆரம்பித்ததும் கிராமத்தில் கர்ணமும் முன்சீபும் சும்மா விடுவார்களா? அடியும் வழக்கும் நிறைய.

இனிமேல்தான் தாது வருஷம்.

தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876ல் மழை பொய்த்தது, 1878 வரை நீண்டது. சென்னை மாகாணம், மைசூர், பம்பாய், ஹைதராபாத் எல்லாம் சேர்த்து ஐம்பது லட்சத்துக்கு மேல் செத்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அரசாங்கம் நிவாரண வேலைகள் திறந்தது. கல்கத்தாவிலிருந்து வந்த ரிச்சர்ட் டெம்பிள், செலவைக் குறைக்கிறேன் என்று 1877 ஆரம்பத்தில் ஒரு கூலியை நிர்ணயித்தார். ஆம்பளைக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், கூடக் கொஞ்சம் காசு. ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. அதற்கு நாள் முழுக்க மண் வெட்ட வேண்டும். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இது மனுஷன் உயிர் வாழப் போதாது என்று எழுதி எழுதிச் சண்டை போட்டார். பின்னால் கொஞ்சம் உயர்த்தினார்கள்.

அந்த நிவாரண வேலைகளில் பெரியது ஒரு கால்வாய். அப்போது சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு. பெயர் புரிந்திருக்குமே.

சென்னைக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கும் அதே பக்கிங்ஹாம் கால்வாய்தான். 1806ல் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டியதில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு, கடைசியில் வடக்கே ஆந்திரக் கரையோரத்துக் கால்வாய்களோடு சேர்ந்து, தெற்கே மரக்காணம் வரை போனது. ஒரு காலத்தில் அரிசியும் உப்பும் விறகும் அதில்தான் படகில் வந்தன. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டு, அதாவது மயிலாப்பூர், திருவல்லிக்கேணி வழியாகப் போகிற துண்டு, தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினிக்காரர்களை வைத்து வெட்டியது. 2004 சுனாமி வந்தபோது அலையின் வேகத்தைப் பல இடங்களில் இந்தக் கால்வாய் வாங்கிக்கொண்டது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். நான் சென்னையில் முதல் வேலையில் இருந்தபோது திருமயிலையில் இருந்து பறக்கும் ரயிலில் தினமும் அதன் மேலேயே போயிருக்கிறேன். கீழே பார்த்ததுகூடக் கிடையாது.

ஒங்கோல் பக்கத்தில் அதே கால்வாயின் மூன்றரை மைல் துண்டை ஒப்பந்தம் எடுத்தவர் கிளஃப். சங்கிலி பிடித்த அனுபவம் இப்போது கைகொடுத்தது. ஏன் எடுத்தார்? மற்ற ஒப்பந்தங்களில் வேலைக்குப் போன மாதிகர்களை மேஸ்திரிகள் விரட்டினார்கள், கூலியில் கை வைத்தார்கள். தன் ஆட்களுக்கு ஒழுங்காகக் கூலி கிடைக்க வேண்டுமென்றால் தானே ஒப்பந்ததாரர் ஆவதுதான் வழி என்று முடிவு செய்திருக்கிறார். தன் போதகர்களையே மேஸ்திரிகளாகப் போட்டார். நோயாலும் பசியாலும் ஒருத்தர் போனால் இன்னொருத்தர் என்று ஆயிரக்கணக்கானோர் அந்த முகாமுக்கு வந்தார்கள். இளைப்பாற உட்காரும் நேரத்தில் பெரய்யாவைப் போன்ற போதகர்கள் அவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். சுமை சுமக்கிறவர்களை அழைக்கும் அந்த வசனத்தைத்தான் அதிகம் சொன்னார்களாம். தலையில் மண்கூடை வைத்திருப்பவனுக்கு அதற்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது.

வேலை செய்த பலர் ஞானஸ்நானம் கேட்டார்கள். கிளஃப் தர மறுத்தார்.

இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கையில் கூலிப்பணமும் நிவாரணப்பணமும் இருக்கும்வரை ஒருவருக்கும் ஞானஸ்நானம் இல்லை என்று நிறுத்திவைத்தார். சோற்றுக்காக வந்தார்கள் என்ற பேச்சு வரக்கூடாது. பதினைந்து மாதம், ஒருவரும் இல்லை. 1878 ஜூனில் நிவாரணம் முடிந்து, இனி கொடுக்கப் பணம் இல்லை என்ற நிலை வந்த பிறகுதான் கதவைத் திறந்தார். கூட்டம் குறையும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். குறையவில்லை.

ஒங்கோலுக்கு வடக்கே பத்து மைலில் குண்ட்லகம்மா ஆற்றங்கரையில் வெல்லம்பள்ளி. ஜூலை 2 அன்று 614 பேர். ஜூலை 3 அன்று 2,222 பேர். 4ஆம் தேதி 700. மூன்று நாளில் 3,536. எல்லாம் முழுக்கு ஞானஸ்நானம், ஒவ்வொருவராக. ஜூலை 3 அன்று கிளஃப் தண்ணீரில் இறங்கவே இல்லை. ஆறு இந்தியப் போதகர்கள், ஒரு நேரத்தில் இரண்டு பேர் என்று மாறி மாறி நின்று செய்தார்கள். காலையில் ஆரம்பித்து, நடுப்பகலில் நிறுத்தி, மறுபடி சாயங்காலம் வரை. ஜூலை முடிவதற்குள் மொத்தம் 8,691 பேர். ஒவ்வொருவரையும் அவரவர் ஊர்ப் போதகர் தெரியும் என்று சொன்ன பிறகே சேர்த்தார்கள் என்றாலும், இவ்வளவு வேகம் சரியா என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான்.

ஒரு கொசுறு. கிளஃப் பிற்காலத்தில் மணந்துகொண்ட எம்மா ரவுஷென்புஷ், மாதிகர்களின் கதைகளைத் தொகுத்து 1899ல் ஒரு நல்ல புத்தகம் எழுதியவர். அவருடைய தம்பி வால்டர், நியூயார்க்கின் ஏழைப் பகுதி ஒன்றில் 1897 வரை பாப்டிஸ்ட் போதகராக இருந்தவர். அதற்கு அடுத்த வருஷம் அதே நகரத்தின் மறுபக்கத்தில் ஹாஸ் அம்மையாரின் பீர் கடைப் பள்ளி. ஒன்றுக்கொன்று தொடர்பு உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் உலகம் சின்னதுதான்.

இப்போது என் சொந்தக் கதை.

ஏழாம் வகுப்பில் ஒரு பையனோடு சண்டை. அவன் என்னைப் பார்த்து, "நீங்க பஞ்சத்துக்கு மாறினவங்கதானல?" என்றான். அவன் வீட்டில் கேட்டதைச் சொல்லியிருப்பான். நான் வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. "தாது வருஷத்துல வந்தோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெற்றிலை இடிக்க ஆரம்பித்துவிட்டார். அந்த மௌனம் எனக்குள் அப்படியே தங்கிவிட்டது. காலேஜிலும், ஆபீஸில் யாராவது 'அரிசிமூட்டைக் கிறிஸ்டியன்' என்று ஜோக் அடித்தபோதும், நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு நகர்ந்திருக்கிறேன்.

திருநெல்வேலியிலும் அதே பஞ்சம். கால்டுவெல் ஐயரும் சார்ஜெண்ட் ஐயரும் 1877 மார்ச்சில்தான் பிஷப்புகள் ஆனார்கள். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சபைகளில் வந்து சேர்ந்தன. எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. ஆக, எதிர்வீட்டு அக்காவின் முன்னோர்களும் என் முன்னோர்களும் ஒரே பட்டினியில் இருந்து கிளம்பியவர்கள். ஒங்கோல் பக்கம் அமெரிக்க பாப்டிஸ்ட்காரர்கள் இருந்தார்கள், எங்கள் பக்கம் இங்கிலாந்து சபைக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் ஆற்றில் முங்கினார்கள், நாங்கள் நெற்றியில் வாங்கிக்கொண்டோம். 1947ல் சி.எஸ்.ஐ உருவானபோது பாப்டிஸ்ட்காரர்கள் சேராமல் வெளியே நின்றதற்கும் இந்த ஞானஸ்நான விஷயம் ஒரு முக்கியக் காரணம்.

கிளஃப்பின் பதினைந்து மாதத்தைப் படித்த அன்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. அவர்களிடம் பதில் இருக்கிறது, எங்களிடம் இல்லையே என்று. ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டேன்.

"அம்மா, தாத்தாவோட பெரிய பைபிள் இருக்கா? முதல் பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு பாருங்களேன்."

"இந்நேரத்துக்கா? எதுக்குய்யா?"

"சும்மாதான். பாருங்க."

பரணில் இருந்து எடுத்து, தூசி தட்டி, கண்ணாடி தேடி, பத்து நிமிஷம் ஆனது. எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். முப்பாட்டனார் பெயர், ஊர். அதற்குக் கீழே இரண்டு வரி. சபைக்கு வந்தது 1877. ஞானஸ்நானம் 1879.

இரண்டு வருஷம்! சேர்ந்தவுடன் தண்ணீர் ஊற்றிவிடவில்லை. உபதேசியாரிடம் பாடம் படிக்கவைத்து, பஞ்சம் ஓய்ந்து, மழை பெய்து, பனையில் பாளை விட்ட பிறகும் இவர் திரும்பிப் போகவில்லை என்று பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். தாத்தாவுக்கு இது தெரியும். சொல்லவில்லை. தெரிந்திருந்தால் அந்தப் பையனிடம் தேதியைக் காட்டியிருப்பேன்.

ஆனால் ரெண்டு நாள் கழித்து யோசித்தபோது அந்தத் தேதியைக் காட்ட வேண்டிய அவசியம் என்ன என்றும் தோன்றியது. நாற்பது வருஷம் பனை ஏறியும் ஊர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. பிள்ளைகள் சாகக் கிடந்தபோது யார் கஞ்சி ஊற்றினார்களோ அவர்கள் பக்கம் ஒரு மனுஷன் போனான் என்றால் அதில் அவன் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஊற்றாதவன் அல்லவா வெட்கப்பட வேண்டும்? கிளஃப் காத்திருந்தது பெரிய விஷயம், ஒப்புக்கொள்கிறேன். அது கொடுக்கிறவரின் கண்ணியம். வாங்குகிறவருக்கு நாம் என்ன பரீட்சை வைப்பது?

அம்மா போனை வைக்கவில்லை. "எதுக்குய்யா இப்ப இதெல்லாம், யாரும் என்னமும் சொன்னாவளா?" என்று கேட்டார்கள். பேத்தியின் கேள்வியைச் சொன்னேன். "செல்லாதாமா? அவளுக்கு ஞானஸ்நானம் எடுத்த அன்னைக்கு நூறு பேருக்குச் சாப்பாடு போட்டிருக்கேன், செல்லாதுன்னு எவன் சொன்னான்?" என்று ஒரு பிடி பிடித்தார்கள்.

மகளிடம் இந்தக் கதையை நாலைந்து நாளாகத் துண்டு துண்டாகச் சொன்னேன். கால்வாய், மண்கூடை, ஆறு, 2,222. பீர் கடை விஷயம் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். ஞானஸ்நானத்துக்கு, "உனக்கு நாங்க எடுத்தோம். பெரியவளானதும் திடப்படுத்தல் வரும். அப்ப நீயே யோசிச்சு உன் வாயால சொல்லு. அந்தச் சபைல அதையே தண்ணிக்குள்ள நின்னு சொல்றாங்க" என்றேன். முழுப் பதில் இல்லைதான். "அப்ப ரெண்டும் எடுத்தா?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அக்காவிடம் கேள் என்று தப்பித்துக்கொண்டேன். அக்கா அதைவிடக் கெட்டிக்காரர், "உங்க ஆச்சிகிட்ட கேளும்மா" என்றுவிட்டார்.

மே கடைசியில் ஊருக்குக் கிளம்பினோம். வழக்கமான சார்மினார் எக்ஸ்பிரஸ். அந்த ஆறு வரும்போது எழுப்ப வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு தூங்கினாள். சீராலா தாண்டியதும் எழுப்பினேன். ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு இருட்டைப் பார்த்தாள். பாலத்தின் சத்தம் மாறியது. கீழே நிலா வெளிச்சத்தில் மணல் வெள்ளையாகத் தெரிந்தது, நடுவில் கோடு மாதிரிக் கொஞ்சம் தண்ணீர்.

"இவ்ளோ தண்ணியிலயாப்பா அத்தனை பேரும்?"

"ஜூலைல இதைவிட அதிகமா இருந்திருக்கும்மா."

"ஆச்சி ஊர்ல ஆறே கிடையாதுல்ல?"

"கிடையாது. கிணறுதான்."

கொஞ்ச நேரம் எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். அதற்குள் ஒங்கோல் வந்துவிட்டது. டீ வேண்டுமா என்று கேட்டேன். தூங்கியிருந்தாள்.